ஏரிக்கரையில் தொடங்கட்டும் எழுத்து

முதியோர் கல்வி என்றதும் குழந்தைகளின் அரிச்சுவடியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தால் போதும் என்னும் மனப்பான்மையை நாம் மறுக்கிறோம். நாற்பதாண்டுகள் வயலையும் வாய்க்காலையும் பேணியவருக்கு 'அணில், ஆடு' எதற்கு?

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம், கல்குவாரித் தொழிலாளர் உட்பட ஏராளமான பெண்களைச் சைக்கிள் ஏற்றியது. எழுத்து வாழ்வோடு சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு அதுவே சான்று. அதே மாவட்டத்து ஏரிகளில் குமிழிக் கல்வெட்டுகள் நிற்கின்றன. சில, குமிழியைச் செய்வித்தவர் பெயரையும் சொல்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1929இலேயே நூலாக அச்சேறிவிட்டன. அவ்வாசகங்களை ஓரிரு எளிய வரிகளாக்கிப் பாடமாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஏரி, மடை, கலிங்கு, ஊர்ப்பெயர் எல்லாம் கற்பவர் பொருளறிந்த சொற்கள். வரிவடிவம் மட்டுமே அவருக்குப் புதிது.

கல்வெட்டு அறிஞர்களின் துறை என்பார்கள். ஏரியைக் காத்தவர்களுக்கு அதில் பங்கில்லையா? கல்வெட்டு சொல்லாமல் விட்டதும் உண்டு. மண் சுமந்தவர் யார், மடை திறந்தவர் யார், தண்ணீர் மறுக்கப்பட்டவர் யார்? இவற்றை அவர்களே எழுதவேண்டும். கையெழுத்திடத் தெரிந்தோரின் கணக்கைக் கூட்டுவதோடு நின்றுவிடும் கல்வி நமக்கு உவப்பில்லை. தம் ஊரின் வரலாற்றை வாசிப்பவர், அதில் தம் முன்னோர் பெயர் இல்லாததையும் வாசித்துவிடுவார். அந்த வாசிப்பையே நாம் எழுத்தறிவு என்கிறோம்.