திரும்பும் தேதி



எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு குதிரை நாட்காட்டி தொங்குகிறது. நம் நாட்டில் பாதி வீடுகளில் இருப்பதுதான். பந்தய நாள்களில் குட்டியாக ஒரு குதிரை அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் யாரும் பந்தயத்துக்குப் போனதில்லை. ஆனாலும் மளிகைக்கடைக்காரர் அந்த நாட்காட்டியைச் சுருட்டிக் கையில் கொடுக்காதவரை புது ஆண்டு பிறந்துவிட்டதாக அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். கட்டங்கள் பெரியவை. கேஸ் தோம்பு மாற்றிய நாள், அம்மாவின் மருத்துவமனைத் தேதி, யாருக்கோ வைத்த கல்யாண மொய் எல்லாம் அதில் ஏறும்.

டிசம்பர் கடைசி வாரம் அந்த நாட்காட்டியின் முன்னால் நானும் வீட்டுக்காரரும் பேனாவோடு நின்றோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. இந்த ஆண்டாவது நாலு இடம் போய்வருவது என்று முடிவு. எங்கே போவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை, ஆச்சரியம்தான். "போறது சரி. என்னைக்கு வருவீங்க?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டபோதுதான் பேனா நின்றது.

சென்ற இதழில் உங்களிடமும் ஒரு கேள்வி கேட்டிருந்தோம். புத்தாண்டில் எங்கே போக ஆசை? வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே மூன்று நாள் ஆயிற்று. காசி, பழனி, பாலி, துருக்கி, இமயமலை என்று உலகமே எங்கள் அலுவலக மேசைக்கு வந்துவிட்டது. 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று அரசாங்கம் ஊர் உலகத்தையெல்லாம் இங்கே கூப்பிட்டுக்கொண்டிருக்க, நம்மவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள்! தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் மட்டும் என் பைக்குள் தங்கிவிட்டது. மகன் அடுத்தடுத்து மூன்று பயணங்களுக்குச் சீட்டு எடுத்துவிட்டானாம். போக ஆசைதானாம். "ஆனால் விளக்கேற்றாமல் வீடு இருட்டிக் கிடக்குமே, அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது" என்று எழுதியிருந்தார்.

இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் இளையவர் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம் குடும்பங்களின் முதல் பயணத்துக்குத் திரும்பும் தேதி கிடையாது. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல் அது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை அதன் மேல்தளத்தில்தான் தொடங்குகிறது. பினாங்கில் கால் வைப்பதற்கு முன் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். அங்கிருந்து கங்காணி பின்னால் ரயில். கடைசியில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். "மூணு வருசம், காசு சேத்துக்கிட்டுத் திரும்பிடலாம்" என்று சொல்லித்தான் தாத்தா கூட்டிவந்தாராம். அந்த மூன்று வருசத்தைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து ஆம்பிளைகளைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போனார்கள். 1942, 43. அந்தப் பயணத்துக்கும் திரும்பும் தேதி இல்லை. பல்லாயிரம் பேர் அங்கேயே மண்ணானார்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மட்டும் நான்கு வீடுகளில் அதற்குப் பிறகு ஆம்பிளைக் குரல் கேட்கவில்லை என்று பாட்டி சொல்வார்.

மற்றபடி பயணம் என்று ஒன்று தோட்டத்தில் இல்லவே இல்லை. விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். பால்மரத்துக்கு விடுமுறை தெரியாது. மழை பெய்தால்தான் லீவு, அன்றைக்குச் சம்பளமும் லீவு. வருசத்துக்கு ஒரு முறை ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசம், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பட்டணம். அவ்வளவுதான் எங்கள் உலக வரைபடம்.

வீடு? அதுவும் நமதல்ல. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, பால்வெட்டுக் கத்தியைவிட முதலில் கையைவிட்டுப் போனது கூரைதான். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணி அது. தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்குவது என்று இறங்கினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட எந்தச் சங்கத்தாலும் முடியாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. நம் ஆள்கள் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்து ஓரங்களுக்கு வந்தார்கள். சொந்தமாக ஒரு வாசல், அதில் ஒரு கறிவேப்பிலை மரம், பூட்ட நம்முடைய பூட்டு, இதற்கே ஒரு முழு ஆயுள் ஆயிற்று பலருக்கு. தெலுக் இந்தான் வாசகி அந்த வாசலை இருட்டில் விட்டுவிட்டுப் போகத் தயங்குகிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டையும் பயணத்தையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு பத்து காஜா நினைவு வரும். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம். ஆற்றோரமாக ஒரு மேட்டில் நிற்கும் கெல்லீஸ் காசலைப் பார்க்காத பேராக்காரர் இருக்க முடியாது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மின்தூக்கிக்குக்கூட உயரமாக ஒரு கூண்டு எழுப்பிவைத்தார். நாட்டிலேயே முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும் என்கிறார்கள்! தமிழ்நாட்டிலிருந்து எழுபது பேரை வேலைக்கு வரவழைத்ததாகச் சொல்கிறார்கள். ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவியபோது அந்த ஆள்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய் நின்றார்கள். அவரும் சம்மதித்தார். இன்றைக்கும் பக்கத்திலேயே அந்தக் கோயில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால், சாமி சிலைகளுக்கு நடுவே கூரைமேல் தொப்பியும் கோட்டுமாக ஒரு மனிதர் நிற்பார். அது அவர்தான் என்பது ஊர் வழக்கு.

1926இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். போன இடத்தில், லிஸ்பனில், நிமோனியா கண்டு இறந்துபோனார். மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டார். மாளிகையில் ஒரு நாளும் யாரும் குடியிருக்கவில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே பேய்க் கதை சொல்லிக் காசு பார்க்கிறார்கள். எனக்குப் பேயைவிட அந்த மின்தூக்கிக் கூண்டுதான் பயமாக இருக்கிறது. ஊர் ஊராகப் போய் வாங்கிச் சேர்க்க வேண்டியவற்றுக்காக வீட்டில் ஒரு காலி இடம் விட்டுவைத்து, மனிதர் திரும்பி வராமலே போய்விட்டார். செங்கல் சுமந்து கட்டியவர்களிலும் பலர் ஊருக்குத் திரும்பவில்லை.

சரி, நாட்காட்டிக்கு வருவோம். அம்மாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்கினோம். போகும் நாள்களை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தே ஆக வேண்டிய நாள்களுக்கு முதலில் சிவப்பு மை. பிப்ரவரி 1 தைப்பூசம். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் கல்லுமலைக்கு நடக்கும்போது, மோர்ப் பந்தலில் நான் இல்லாமல் ஒரு தைப்பூசமும் இதுவரை போனதில்லை. நவம்பர் 8 தீபாவளி. அதற்கு முந்திய மூன்று வாரமும் முறுக்குக்கும் அதிரசத்துக்கும். மகளின் தேர்வு நேரம். அம்மாவின் கண் பரிசோதனை இரண்டு தடவை. அப்புறம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா.

இந்தத் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை. லயங்களை இடித்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. ரப்பர் ஸ்டோரும் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டாயும் இல்லை. செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் தனியாக நிற்கிறது. வருசத்தில் ஒரு நாள் ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காடிகள் வரிசையாக வரும். ஐந்தாம் நம்பர் லயம் எங்கே இருந்தது என்று ஐம்பது வயதுப் பிள்ளைகள் காலால் கோடு கிழித்துத் தகராறு செய்வார்கள். அதைப் பயணத்தில் சேர்ப்பதா வீட்டில் இருப்பதில் சேர்ப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாதி சிவப்பு, பாதி நீலம் போட்டுவைத்தோம்.

சிவப்புக்கு நடுவே மிச்சமிருந்த வெள்ளைக் கட்டங்கள்தான் எங்கள் உலகம். நினைத்ததைவிட நிறையவே இருந்தன. மார்ச்சில் ரயிலேறி பாடாங் பெசார் வரை, அங்கிருந்து அடுத்த ரயிலில் ஹாட்யாய். ஜூனில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி. பாட்டி விட்டுவந்த ஊரைத் தேடி, இப்போதுதான், மூன்றாம் தலைமுறை. கடப்பிதழை எடுத்துப் பார்த்தால் காலாவதியாக ஐந்தே மாதம்! ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்பதை அடுத்த வீட்டுக்கெல்லாம் சொல்லித்தரும் ஆசிரியை நான். இருநூறு வெள்ளி கட்டிப் புதுப்பித்தேன். நீங்களும் இந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு இப்போதே ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். சில ஆண்டுகளாக இடம் மாறி அலைந்த பள்ளித் தவணை ஜனவரிக்கே திரும்பிவிட்டதால், சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஆண்டுக் கடைசி விடுமுறையும் திரும்பக் கிடைத்திருக்கிறது. மே, ஆகஸ்டுக்கு எதையும் எழுதவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பிய நாட்காட்டி பெரட்டுப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

அம்மாவுக்கு விமானம் ஆகாது, முழங்கால் விடாது. அவருக்கென்று ஒரு பயணம் வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். ஜூன் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? போன சனிக்கிழமையே கோலகங்சாருக்குக் கூட்டிப்போனோம். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த நாற்றுகளில் ஒன்பதை அங்கேதான் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒரே மரம் இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டியைக் கடல் கடக்க வைத்த மரங்களுக்கெல்லாம் மூத்தது.

அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரத்தின் கிட்டப் போய் நின்றார். அறிவிப்புப் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருசம் பால் வெட்டியவர். அடியிலிருந்து பார்வையை மெல்ல மேலே கொண்டுபோனார். மரத்தை ஒரு பாதி சுற்றி வந்தார்.

"யாருடி வெட்டுனது இதை? மரத்தைக் காயப்படுத்தி வச்சிருக்கான். நம்ம மண்டோரா இருந்தா அன்னைக்கே பேரை வெட்டியிருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வண்டியில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறினார். தைப்பிங் ஏரித் தோட்டம் வரைக்கும் போகலாமா என்று கேட்டேன். மழை வரும் என்றார். தைப்பிங்கில் மழை வருமென்று சொல்ல வானிலை அறிக்கை வேண்டாம்தான். ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் வேறு. நாலு மணிக்குப் பூனைக்குச் சோறு வைக்க வேண்டும்.

ஜூனில் நாங்கள் திருச்சிக்குப் போகும் பதினோரு நாளும் அம்மா தம்பி வீட்டில் இருப்பார். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் சீன அன்ட்டியிடம். மாலையில் வாசல் விளக்கைப் போடுவது, பூனை, கறிவேப்பிலைக்குத் தண்ணீர், மூன்றையும் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டேன். கறிவேப்பிலையில் வேண்டிய மட்டும் பறித்துக்கொள்ள அனுமதி கேட்டார். நாங்கள் வீட்டில் இருக்கும்போதே பறித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாமி விளக்கை மட்டும் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. தெலுக் இந்தான் அம்மா, நீங்கள் என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழுக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்