தீர்ப்பைப் படிக்க கறுப்பு கோட்டு எதற்கு?

இரவு பதினொன்றரை. பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். ஓர் அதிகாரி மீதான லஞ்சப் புகார். ஆவணம் கையில் இருக்கிறது. உதவி ஆசிரியர் தயங்குகிறார்: “கேஸ் போட்டுருவாங்களா சார்?” வக்கீலின் கைப்பேசி அணைந்திருக்கிறது. செய்தி மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது, பிறகு வருவதேயில்லை. செய்தி அறையில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

கருத்துச் சுதந்திரம் நீதிமன்றத்தைவிட இத்தகைய மேசைகளில்தான் அதிகம் பலியாகிறது. கருத்தரங்குக்கு அனுமதி மறுக்கும் கல்லூரி முதல்வரும், வில்லங்கம் எதற்கு என்று நூலை அலமாரியிலிருந்து எடுத்துவிடும் நூலகரும் வழக்கறிஞர்கள் அல்லர். காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் எழுதுபவரும் அல்லர். இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. அதன் பிறகும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாவதைக் கேட்டு 2021-ல் அதே நீதிமன்றம் அதிர்ந்துபோனது. டெல்லியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தீர்ப்பு நடந்து வந்திருந்தால்கூட அதற்குள் சேர்ந்திருக்கும்!

இவர்களைப் போன்றவர்களும் சட்டம் படிக்க வழியுண்டு. அமெரிக்காவின் யேல் சட்டப் பள்ளி, வழக்கறிஞராகும் எண்ணமில்லாதவர்களுக்காகவே ஓராண்டு முதுகலைப் படிப்பை நடத்திவருகிறது. பத்திரிகையாளர் லிண்டா கிரீன்ஹவுஸ் 1978-ல் அதை முடித்தார். பிறகு சுமார் 30 ஆண்டுகள் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்காக அந்நாட்டு உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதினார். அவருக்கு முன்பு அந்தப் பணியைச் செய்த ஆண்டனி லூயிஸும் வக்கீல் அல்லர். 1956-57-ல் ஹார்வர்டில் சட்ட வகுப்புகளில் உட்கார்ந்து கற்றவர். சல்லிவன் வழக்கைப் பற்றி அவர் 1991-ல் எழுதிய ‘மேக் நோ லா’ இன்றும் படிக்கப்படுகிறது.

அந்த வழக்கு ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக 1960-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வெளியான முழுப்பக்க விளம்பரம், அவர் ஏழு முறை கைதானதாகச் சொன்னது. உண்மையில் நான்கு முறை. இப்படிச் சில பிழைகள். தன் பெயரே இடம்பெறாத அந்த விளம்பரத்துக்காக மான்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவன் அந்த இதழ் மீது அவதூறு வழக்குப் போட, அலபாமா நீதிமன்றம் 5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 1964-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொய் என்று தெரிந்தோ, உண்மையைப் பற்றிக் கவலையின்றியோ வெளியிட்டால் மட்டுமே பொது அதிகாரி இழப்பீடு கோர முடியும் என்றது.

முப்பது ஆண்டுகள் கழித்து இந்த வாதம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் எதிரொலித்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவதைச் சிறைத் துறை தடுக்க முயன்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட சங்கரின் அனுமதிகூட வேண்டாம்; தங்களுக்கு அவதூறு நேரலாம் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே தடை போடவும் முடியாது என்று 1994-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சல்லிவன் தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. இது தெரிந்திருந்தால் நம் உதவி ஆசிரியர் வக்கீலுக்காகக் காத்திருக்காமல் ஆவணத்தை இன்னொரு முறை சரிபார்த்திருப்பார்.

படித்தால் பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். அவதூறைக் குற்றமாகக் கருதும் சட்டம் செல்லும் என்று 2016-ல் தீர்ப்பானது. எங்கே பயப்பட வேண்டும் என்பதாவது தெரியுமே!

இங்கே எல்எல்எம் படிக்க எல்எல்பி வேண்டும். எல்எல்பிக்கு மூன்று ஆண்டுகள்; வேலையில் இருப்பவர் எங்கே போவார்? ஹைதராபாத் நல்சார் பல்கலைக்கழகம் தொலைநிலையில் ஊடகச் சட்டப் பட்டயம் தருகிறது, நல்லது. ஆனால், தீர்ப்பை வரிவரியாகப் படித்து, எதிரே இருப்பவரோடு சண்டை போட வகுப்பறை வேண்டும். செய்யக்கூடாதவற்றின் பட்டியலைக் கையில் கொடுக்கும் ஒருநாள் பயிலரங்கு அதற்கு ஈடாகாது. நம் சட்டப் பல்கலைக்கழகங்கள் மாலை நேரத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கட்டும். பத்திரிகையாளர், ஆசிரியர், நூலகர், காவலர் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கட்டும். முதல் நாள் பாடத்துக்குத் தீர்ப்பு தயாராகவே இருக்கிறது: பத்திரிகைத் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 1950, ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம்.