துப்பாக்கி சேகரிப்பவரும் திருப்பணிக்காரரும்

இலக்கிய அன்பர்கள் கூடிப் பேசும் இவ்விடத்தில் ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகளைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். தமிழ் படித்துத் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நாம், கல்வெட்டை எப்படிப் போற்ற வேண்டும் என்பதைத் துப்பாக்கி சேகரிக்கும் ஓர் அயலானிடம் கற்க நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

செய்தியை முதலில் சொல்லிவிடுவோம். 1908இல் ஜெர்மானியத் தரைப்படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி லூகர். முதல் உலகப்போர்க் காலத்தில் செய்யப்பட்டவற்றில், குண்டறையின் மேற்புறத்தில் செய்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். போர் தோற்றது. 1919இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை ஒரு லட்சம் பேருக்குள் ஒடுக்கியது. ஆயுத உற்பத்திக்கும் கடிவாளம் இட்டது. புதிதாகச் செய்யத் தடையென்றால் பழையதைச் செப்பனிட வேண்டியதுதானே? தேய்ந்த குழல்கள் மாற்றப்பட்டன. உடைந்த பாகங்களுக்கு வேறு துப்பாக்கியின் பாகங்கள் பொருத்தப்பட்டன. படையிடமும் காவல்துறையிடமும் இருந்த துப்பாக்கிகள் அரசின் உடைமை என்பதற்கு அடையாளமாக 1920 என்ற எண் பொறிக்கப்பட்டது. இதில் நாம் நிறுத்தி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. 1917 என்ற பழைய எண்ணைப் பெரும்பாலும் யாரும் சுரண்டி எடுக்கவில்லை. அதன் அருகிலேயே 1920 நின்றது. ஒரே இரும்பில் இரண்டு ஆண்டுகள்!

சேகரிப்போர் இதனை இரட்டை ஆண்டுத் துப்பாக்கி என்பர். அவர்களுக்குள்ளும் சைவ வைணவச் சண்டை போல ஒன்று உண்டு. எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் பொருந்தி, ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பதுதான் உயர்ந்தது, செப்பனிட்டது கலப்படம் என்பது ஒரு சாரார் வாதம். செப்பனிட்டதில்தான் போர், தோல்வி, வறுமை எல்லாம் படிந்துள்ளன என்பது மறுசாரார் வாதம். நம் வாக்கு இரண்டாம் சாராருக்கே. ஆனால் இரு சாராரும் ஒன்றில் உடன்படுவர்: பழைய மெருகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி முத்திரைகளை மழுங்கடிப்பவன் மூடன். அப்படிப் புதுப்பொலிவு பெற்ற துப்பாக்கிக்கு அவர்கள் சந்தையில் மதிப்புக் குறையும்.

ஒரு முத்திரைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். 1920களில் ஜெர்மானியப் படைக்கு லூகர் செய்யவும் செப்பனிடவும் இசைவு பெற்றது ஸூல் நகரத்துச் சிம்சன் நிறுவனம். அதன் உரிமையாளர் யூதர். 1930களின் நடுவில் நாஜிகள் அந்நிறுவனத்தைப் பறித்துக்கொள்ள, குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பியது. எந்தப் படைக்கு ஆயுதம் செப்பனிட்டுத் தந்தார்களோ அந்த நாடே அவர்களை விரட்டியது. சிம்சன் பெயரை ஒருவன் அரத்தால் தேய்த்திருந்தால் அந்த இரும்பு ஊமையாகியிருக்கும்.

இரும்பில் பொறித்த எண்ணின் வலிமை நம் நாட்டுக்கும் புதிதன்று. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 ஜெர்மானிய மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர் கவர்ந்து சென்றனர். ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் நிறுவனத்தின் ஏட்டில் இருந்தது. ஆகவே பின்னர் எங்கே ஒரு மௌசர் பிடிபட்டாலும் அது அந்த ஐம்பதில் ஒன்றா என்று அரசால் சொல்ல முடிந்தது. அவற்றில் 31 மீட்கப்பட்டதாக 1918இன் ரௌலட் குழு அறிக்கை கணக்குச் சொல்கிறது. புரட்சியாளரை வேட்டையாடிய அதே எண்கள்தாம் இன்று அவர்தம் வரலாற்றுக்குச் சான்று.

இனி எம் ஊர்ப்பக்கம் வருவோம். எளாவூரைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றின் பழைய கோயிலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடந்தது. கருவறைப் புறச்சுவரில் எழுத்துகள் இருந்ததை நாம் கண்டிருக்கிறோம். மாணவர்களை அழைத்துச் சென்று காட்டியும் இருக்கிறோம். விடுமுறையில் முறையாகப் படியெடுத்துவிடலாம் என்று ஒத்திப்போட்டது நம் பிழை. விடுமுறைக்குள் குடமுழுக்கு வந்துவிட்டது. மணல்வீச்சு எந்திரம் கொண்டு சுவரைச் சுத்தம் செய்திருந்தார்கள். கல் புதிதாய் வெட்டியது போல் வெளுத்திருந்தது. எழுத்து இருந்த இடத்தைக் கையால் தடவினோம். வழுவழுப்பாக இருந்தது. திருப்பணிக்காரர் ஒருவர் பெருமையுடன், “இப்போதுதான் கோயில் கோயிலாக இருக்கிறது, ஐயா” என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறோம்.

“கோயில் வழிபாட்டிடம், அருங்காட்சியகம் அன்று, புதுப்பிக்காமல் இடிந்துவிழ விடுவதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை ஜெர்மனியில் இல்லை, காவிரிக்கரையில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த ஆவணங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அத்தோடு விடவில்லை. இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள். எது பழையது, எது தம் கைவேலை என்று வருங்காலத்தானுக்குச் சொல்லிவிட்டுப் போன நேர்மை அது. இரட்டை ஆண்டு முத்திரையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவர் நம் முன்னோர். திருப்பணி குற்றமன்று, தடயமழித்த திருப்பணியே குற்றம். மணல் வீசியவர் மரபைக் காத்ததாகச் சொல்லிக்கொள்வதை நாம் ஏற்கமாட்டோம்.

“கொலைக்கருவியையும் கோயிலையும் ஒப்பிடுவதா?” என்பது இன்னொரு தடை. ஆயுத மோகத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாஜிச் சின்னம் பொறித்ததென்றால் கண்கள் மின்ன விலை ஏற்றுபவர்களும் அச்சந்தையில் உண்டு; அவர்கள் அருவருப்புக்குரியவர்கள். நம் நாட்டில் இவ்வகைச் சேகரிப்பு எளிதுமன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், செப்பனிட்டாலும் சுட முடியாத நிலையிலுள்ள பழம்பொருளுக்கே விலக்களிக்கிறது. சுடக்கூடிய லூகரைப் பழம்பொருள் என்று சொல்லிப் பேழையில் வைத்துக்கொள்ள முடியாது. அது சரியான சட்டமே. நாம் கேட்பது வேறு. கொல்வதற்கென்று செய்த ஓர் இரும்பின் மேலுள்ள நான்கு இலக்கங்களை அவர்கள் அவ்வளவு கருத்தாகக் காக்கும்போது, விளக்கெரிக்க நிலம் விட்டவன் பெயரை நாம் எப்படித் துடைத்தெறிந்தோம்?

இன்னொரு முரணையும் எண்ணிப் பாருங்கள். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்து, நம் கோயிற் சுவர்களை எழுத்தெழுத்தாகப் படித்து, 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியை வெளியிட்ட ஹுல்ட்ஷ் ஒரு ஜெர்மானியர். எம் ஊருக்கு அருகே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர், வெடிமருந்தும் செய்தனர். கோட்டை அழிந்தது. ஆயினும் அவர்தம் கல்லறைகளின் பெயரையும் ஆண்டையும் இன்றும் படிக்கலாம். அயலான் இறந்த ஆண்டைப் படிக்கலாம். நம்மவன் கொடுத்த கொடையைப் படிக்க முடியாது.

நாம் வேண்டுவது பெரிதன்று. எந்தத் திருப்பணிக்கும் முன்பு சுவர்களை ஒளிப்படம் எடுங்கள். எழுத்திருந்தால் மைப்படி எடுக்கச் செய்யுங்கள். மணல்வீச்சு எந்திரத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்துங்கள். முடித்த பின், எந்த ஆண்டில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு கல்லில் பொறியுங்கள். நன்கொடையாளர் பட்டியலுக்கு ஆளுயரக் கருங்கல் பலகை கிடைக்கும்போது இதற்கு ஒரு சாண் கிடைக்காதா?

எளாவூர்ச் சோதனைச்சாவடியில் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எந்த நாட்டு எந்திரமோ, எந்த எண் பொறித்ததோ, உலைக்குப் போய்க் கம்பியாகிவிடும். இரும்புக்கு அது விதி. கல்லுக்கும் அதே விதியை எழுத நாம் யார்?