பெரிய கார்டு எதுக்குங்க?

முனிர்கா வாடகை வீட்டில் புத்தக அலமாரிக்கு இடம் ஏது? நம்மாட்கள் ஈ-ரீடர் வாங்குறது நல்ல விஷயம்தான். ஆனா மெமரி கார்டு வாங்கும்போது "இருக்கிறதிலேயே பெருசு குடு"ன்னு கேட்கிறது என்னைப் பொறுத்தவரை வேண்டாத வேலை.

1998-ல் ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்தோட மின்நூல்களையே எடுத்துக்குங்க. வெறும் எழுத்தா இருக்கிற நூல் பெரும்பாலும் சில எம்.பி.க்குள்ள அடங்கிடும். 32 ஜி.பி.யே ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

64 ஜி.பி. கார்டு பொதுவா எக்ஸ்ஃபேட் முறையில் வருது. பழைய ரீடர் பலதுக்கும் ஃபேட்32 மட்டும்தான் புரியும். "கார்டு போச்சு"ன்னு தூக்கிப் போடாதீங்க. உள்ளே இருக்கிறதைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துட்டு, ஃபேட்32-ல் ஃபார்மட் பண்ணிப் பாருங்க. பல சமயம் வேலை செய்யும்.

இன்னொரு வம்பு, போலி கார்டு. வெளியே 64ன்னு காட்டும், உள்ளே 8தான் இருக்கும். அது நிரம்பினதும் நூல்கள் சத்தமில்லாம கெட்டுப்போகும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. புதுக் கார்டை முதல்ல அதுல சோதிச்சுடுங்க.

கார்டு போனா கடையில் வேற கிடைக்கும். பிள்ளைங்க தமிழ் படிக்கணும்னு தாத்தா ஊரிலிருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பின பழைய கதைப்புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்? கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கட்டும், மக்களே.