மகளும் பணப்பையும்

‘ஒத்தெல்லோ’வின் வில்லன் இயாகோவின் நோக்கம் யாது என்று வினாத்தாளில் கேட்டால், பதவி உயர்வு கிடைக்காத பொறாமை என்று எழுதி மாணவிகள் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கோல்ரிட்ஜோ அது காரணமே இல்லாத தீமை என்றார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. முதல் காட்சியை நிதானமாகப் படித்தால் போதும்.

வெனிஸ் நகரத் தெரு, இரவு. தன் பணத்தைச் செலவழித்தும் காரியம் நடக்கவில்லையே என்று ரோடரிகோவுக்கு ஆத்திரம். இயாகோவுக்கோ, ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் சிபாரிசு செய்தும், ரோட்ஸிலும் சைப்ரஸிலும் தான் போரிட்டதை நேரில் பார்த்தும், தளபதி அந்த இடத்தைக் காசியோவுக்குக் கொடுத்துவிட்டானே என்ற எரிச்சல். போர்க்களம் காணாத கணக்குப்பிள்ளை காசியோவாம். தான் வெறும் கொடி தூக்கி. இதுவரை இது அலுவலகப் புகைச்சல். எந்தப் பெண்ணுக்கும் இதில் சம்பந்தமில்லை.

ஆனால் அவன் நேரே போய் நிற்பது செனட்டர் பிரபான்சியோவின் வீட்டு வாசலில். வீட்டையும் மகளையும் பணப்பையையும் ஒரே மூச்சில் அடுக்கி, திருட்டு என்று கூவுகிறான். தானாக விரும்பி மணம் முடித்துப் போனவள், களவு போன பொருளாகிறாள். காட்சி முடியும்வரை அவள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. ஒத்தெல்லோவின் பெயரும் வராது. இனத்தைச் சுட்டும் வசையும் மிருக உவமையும்தான். ஆயினும் அடுத்த காட்சியிலேயே அவன் வந்து பேசிவிடுகிறான். டெஸ்டிமோனா வாய் திறக்க மூன்றாம் காட்சி ஆகிறது.

இதை இயாகோவின் சாமர்த்தியம் என்று வகுப்பறைகளில் மெச்சுகிறோம். என்ன சாமர்த்தியம்? இப்படியொரு கனவைத் தான் ஏற்கெனவே கண்டதாகத் தகப்பனே சொல்கிறான். வாசற்பக்கமே வரக் கூடாதென்று விரட்டிய ரோடரிகோவுக்காவது அவளைக் கொடுத்திருக்கலாமே என்று சில நிமிடங்களில் புலம்புகிறான். யாருக்குக் கொடுப்பது என்பது மட்டுமே அவன் கவலை.

பிறர் உயர்வைப் பொறாததைத் தமிழில் அழுக்காறு என்கிறோம். மனைவிமேல் வருவதைச் சந்தேகம் என்கிறோம். இரண்டும் வேறு வேறு நோய் என்று நம்ப இந்தச் சொற்கள் வசதி செய்து தருகின்றன. இயாகோவிடம் அவை ஒன்றே. காசியோமேல் உள்ள காந்தலைத் தீர்க்கத் தளபதியின் மனைவியைக் கையில் எடுக்கிறான். தன் மனைவி எமிலியாவைத் தளபதியோடு சேர்த்து ஊர் பேசுகிறதாம். உண்மையா என்று தெரியாது, சந்தேகமே போதும் என்கிறான். கை நழுவிய பதவியும் கட்டிய மனைவியும் அவன் கணக்கேட்டில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

முடிவில் டெஸ்டிமோனாவை ஒத்தெல்லோ கொல்கிறான். உண்மையைச் சொன்ன எமிலியாவை இயாகோவே குத்துகிறான். காசியோ காலில் ஒரு காயத்தோடு பிழைத்து, சைப்ரஸை ஆளும் பதவிக்கு வந்துவிடுகிறான்.