சாவி முகத்தில், பூட்டு எங்கே?

பாஸ்வேர்ட் மறந்து போகும். டைரியில் எழுதி வைத்தால் டைரி தொலைந்து போகும். முகத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. செல்போனைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும், பூட்டு திறக்கிறது. வங்கிக் கணக்கும் மின் கட்டண ரசீதும் மருத்துவமனை ரிப்போர்ட்டும் அந்த ஒரே பார்வைக்கு வழிவிடுகின்றன. யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்புகிறவர் ரகசிய எண்ணைத் தட்டுவதற்குப் பதிலாகத் தன் போனில் பதிந்த கைரேகையையோ முகத்தையோ காட்டலாம் என்ற ஏற்பாடும் 2025 அக்டோபரில் வந்துவிட்டது.

சௌகரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் சாவி என்பது மற்றவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளும் பொருள். முகமோ ஊரெல்லாம் திரிகிறது. கல்யாண ஆல்பத்தில், கட்சிக் கூட்டப் போட்டோவில், டீக்கடைக்கு எதிரே மாட்டிய கேமராவில், வாட்ஸாப் முகப்பில் என்று எங்கேயும் கிடைக்கிறது. பாஸ்வேர்ட் திருடு போனால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். முகத்தை என்ன செய்வது?

நல்ல பூட்டு, முகம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. எதிரே இருப்பது உயிருள்ள முகமா, வெறும் காகிதமா என்று பார்க்கத் தெரிந்திருப்பதில்தான் அதன் சாமர்த்தியம். இந்தச் சாமர்த்தியம் எல்லா போனிலும் ஒரே அளவில் இல்லை என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

2011இல் கூகுள் தன் ஆண்ட்ராய்ட் போன்களில் முகத்தால் திறக்கும் வசதியை முதன்முதலில் தந்தபோது, உரிமையாளரின் போட்டோவைக் காட்டியே அதைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 2017இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ் வேறு வழியில் போனது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின் மேல் தெளித்து, மூக்கின் மேடும் கண்ணின் பள்ளமும் எவ்வளவு என்று அளக்கிறது அது. முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் பார்த்துத் திறந்துகொள்ளும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது ஆப்பிளின் கணக்கு. இரட்டைப் பிள்ளைகள், உருவ ஒற்றுமையுள்ள உடன்பிறந்தவர்கள், 13 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. விற்பனைக்கு வந்த மாதமே வியட்நாமில் ஒரு நிறுவனம் முகமூடி செய்து அதைத் திறந்து காட்டியது. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட பொறுமையும் கைவேலையும் பஸ்ஸில் போன் அடிக்கிறவருக்கு இருக்கப்போவதில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த கூகுளின் பிக்சல் 4, உரிமையாளர் கண் மூடித் தூங்கினாலும் திறந்துகொண்டு மானம் போனது. அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் பிடித்தன.

விலை குறைந்த போன்களில் புள்ளியும் இல்லை, அகச்சிவப்பும் இல்லை. செல்ஃபி எடுக்கும் அதே கேமராதான் முகத்தையும் பார்க்கிறது. ஆழம் தெரியாத அந்தக் கண்ணுக்கு ஆளும் ஆளின் படமும் ஒன்றாகத் தெரியலாம். அதனால்தான் கூகுள் இவ்வகைப் பூட்டுகளை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. கடைசித் தரத்தில் உள்ள முகப்பூட்டு போனைத் திறக்கும், பணத்தைத் திறக்காது. முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும் போனில் வங்கிச் செயலி மட்டும் கைரேகையோ எண்ணோ கேட்டால் பலருக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் லாபமானது.

போன் உங்களை ஏமாற்றாமல் இருப்பது ஒரு பங்கு. முகத்தின் அளவுகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது இன்னொரு பங்கு, பெரிய பங்கும் அதுதான். நல்ல போன்களில் அவை படமாக இல்லாமல் எண்களாக மாற்றப்பட்டு, போனுக்குள்ளேயே தனியாக அடைத்த ஒரு சில்லில் தங்கிவிடுகின்றன. வங்கிக்குப் போவது முகம் இல்லை. 'ஆள் சரி' என்ற ஒரு பதில் மட்டுமே. அந்தச் சில்லுக்குள் நுழைய வேண்டுமானால் திருடன் ஒவ்வொரு போனாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதே பெயரில் நடமாடும் இன்னொரு சரக்கும் இருக்கிறது. ஏதோ ஒரு செயலி, 'முகத்தை வட்டத்துக்குள் கொண்டு வாருங்கள்' என்று சொல்லிப் படம் பிடித்து, எங்கோ உள்ள தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பி அங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறது. பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் அவர் போனைப் பார்த்தார், கதவு திறந்தது. ஆனால் இரண்டாவதில் லட்சக்கணக்கான முகங்கள் ஒரே அறையில் குவிகின்றன. அப்படி ஓர் அறை திறந்தே கிடந்ததை 2019 ஆகஸ்டில் உலகம் பார்த்தது. பல நாடுகளில் அலுவலகக் கதவுகளைக் காக்கும் பயோஸ்டார் 2 என்ற அமைப்பின் கைரேகைகளும் முகப்பதிவுகளும் இணையத்தில் காப்பில்லாமல் கிடந்தன.

தாய்லாந்து அனுபவம் இன்னும் நெருக்கமானது. 50,000 பாட்டுக்கு மேல் பணம் அனுப்ப முகம் காட்ட வேண்டும் என்று 2023இல் அங்கே விதி வந்தது. மோசடிக்காரர்கள் விதியைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். அரசுச் செயலி போல வேஷம் போட்ட ஒரு செயலி, மக்களிடம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்தது. அந்த வீடியோவைக் கொண்டு கம்ப்யூட்டரில் போலி முகம் தயாரித்து வங்கியின் வாசலைத் தாண்டுவதுதான் திட்டம் என்று 2024 பிப்ரவரியில் குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. இங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. உரிமையாளரே சாவியை வார்த்துக் கொடுத்தார்.

போலீஸ் கையில் போன் சிக்கினால் என்ன ஆகும்? தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு. கைரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று 1961இலேயே உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தீர்ப்பளித்துவிட்டது. பாஸ்வேர்ட் மனதில் இருப்பது. அதைக் கேட்கலாமா என்பதில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு பக்கமும், டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் 2022இல் மறுபக்கமும் நின்றன. முகத்துக்கு அந்தச் சண்டையின் பலன்கூடக் கிடைக்குமா என்பது சந்தேகம். 1961 தீர்ப்பின் வழியே போனால் அது கைரேகையின் ஜாதி. விவரம் தெரிந்தவர்கள் சிக்கலான நேரத்தில் ஐபோனின் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறார்கள். அதன்பின் எண்ணைத் தட்டாமல் அது திறக்காது. பல ஆண்ட்ராய்ட் போன்களிலும் இதற்கு வழி உண்டு.

சட்டத்தின் போக்கு விசித்திரமாக இருக்கிறது. 2011 தகவல் தொழில்நுட்ப விதிகள், பாஸ்வேர்டையும் முக அமைப்பு உள்ளிட்ட உடல் அடையாளங்களையும் அதிக எச்சரிக்கை தேவைப்படும் தகவல்கள் என்று ஒரே பட்டியலில் வைத்தன. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு தனிப் பட்டியலே இல்லை. கடைக்குக் கொடுத்த போன் நம்பருக்கும் முகத்துக்கும் ஒரே மரியாதை. அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கும் அளித்துக்கொள்ளலாம்.

முகத்தை இன்று அதிகம் கேட்பதும் அரசுதான். ஆதார் வழியிலான முகச் சரிபார்ப்பில், போனில் எடுத்த படம் ஆதார் ஆணையத்தின் மையக் கிடங்கில் உள்ள படத்தோடு ஒப்பிடப்படுகிறது. அது முழுக்கத் தீமை என்று சொன்னால் அநியாயம். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாத பென்ஷன்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்றிதழுக்காக அலைந்த கதை பழையது. 2021 நவம்பர் முதல் மத்திய அரசின் பென்ஷன்தாரர்கள் வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டி அதை முடிக்க முடிகிறது. முடியாதவர் வங்கிக்கு நேரில் போகலாம். பழைய வாசலை யாரும் அடைக்கவில்லை.

அங்கன்வாடியில் கதை வேறு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற முகம் பொருந்த வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. உரியவருக்கே உணவு போய்ச் சேர வேண்டும் என்பது அரசு சொல்லும் காரணம். முதலில் ஆதாரோடு முகத்தைப் பதிய வேண்டும். அதற்கான எண் ஆதாரில் பதிந்த போனுக்கு வரும். அந்த போன் பல வீடுகளில் கணவரிடம் இருக்கிறது, கணவர் வெளியூர் வேலையில் இருக்கிறார். பதிவு முடிந்தாலும் அங்கன்வாடி ஊழியரின் சாதாரண போனும் கிராமத்து சிக்னலும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத இடங்களில் பழி கேட்பது ஊழியர்தான் என்று பல மாநிலங்களில் அவர்களுடைய சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின.

ஆதார் வைத்திருப்பவர் தன் கைரேகை, கண், முகம் ஆகியவற்றைப் பூட்டி வைத்துக்கொள்ளவும் தேவைப்படும்போது திறக்கவும் ஆணையம் வசதி தந்திருக்கிறது. பூட்டி வைத்த தாய்க்கு அன்றைய சத்துமாவுப் பொட்டலம் எப்படிக் கிடைக்கும்? வரிசையில் நிற்கும்போது அவள் அதை ஊழியரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஊழியரோ வெளிச்சம் போதவில்லை என்று போனை இன்னொரு கோணத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.