ஐலசா போட்டால் எடை குறையுமா?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையிலே, சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்கே மலைத்தொடர். மலையடியிலே மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள். முந்தின இரவு கூட்டத்தில் பேசிவிட்டு, நேரமாகிவிட்டபடியால் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டேன். விடிவதற்குள், தோப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஐலசா... ஐலசா!" பாட்டுக் கேட்கிறதே என்று எழுந்து போனேன். போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, அது பாட்டல்ல, பாடு!

எட்டுப் பேர். ஒரு லாரி. காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை வெட்டி, தடி தடியாக அறுத்துப் போட்டிருந்தார்கள். தோப்புக்கும் சாலைக்கும் இடையே வாய்க்கால் ஒன்று, ஆகவே ஜே.சி.பி. உள்ளே வராது. வந்தாலும் வாடகை கொடுக்க வியாபாரிக்கு மனம் வராது. நன்செயின் ஓரத்தில் லாரியை நிறுத்தி, இரண்டு தென்னங்கட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நால்வர் கடப்பாரையால் நெம்பினார்கள். மற்ற நால்வர் தடிக்குப் பின்னால் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். பின்னால் என்றால் எங்கே? தடி நழுவினால் எந்த வழியாக உருண்டு வருமோ, அந்த வழியிலே!

அந்த நால்வரில் ஒருவருக்கு வயது அறுபதுக்கு அருகில் இருக்கும். இடது காலைத் தரையில் சரியாக ஊன்ற முடியவில்லை. ஓய்வாக உட்கார்ந்தபோது கேட்டேன்.

"காலுக்கு என்ன அண்ணாச்சி?"

"தடி உருண்டுட்டுது தம்பி. பதினஞ்சு வருசமாச்சு."

"மறுபடியும் அதே இடத்திலே நிற்கிறீர்களே?"

"வேற எங்க நிக்க? எல்லாம் தலையெழுத்து."

தலையெழுத்தாம்! தோழர்களே, அந்த எழுத்தை எழுதியவன் யார் என்று தேடி வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. லாரியின் முன் இருக்கையில் ஒரு கணக்கு நோட்டு கிடந்தது. எழுத்து அதிலே இருந்தது.

மர வியாபாரத்தில் தடியை எப்படி அளக்கிறார்கள் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் தோழர்களுக்குத் தெரியும். நடுவிலே கயிறு சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள். அதை நாலால் வகுப்பார்கள். வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. நான் பார்த்த தடிக்குச் சுற்றளவு ஆறடி, நீளம் பத்தடி. ஆறை நாலால் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். பத்தடிக்கு 22.5 கன அடி. நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆனால், உருண்டையான தடியின் உண்மையான கொள்ளளவு அதுவல்லவே! பள்ளிக்கூடத்துப் பையன் வட்டக் கணக்குப் போட்டால் அதே தடி 28.6 கன அடி வரும். அறுக்கும்போது பட்டையும் பக்கமும் கழிந்துவிடுமென்று வியாபாரம் தள்ளிவிடுகிற பங்கு அது. தள்ளட்டும், வியாபாரத்துக்கு அது முறையாக இருக்கலாம். ஆனால், காகிதத்தில் தள்ளிய ஆறு கன அடி மரத்திலிருந்து மறைந்துவிடுகிறதா? பச்சை மரம் ஏறத்தாழத் தண்ணீர் எடை இருக்கும். புளியைப் போன்ற கனத்த மரம் அதையும் மிஞ்சும். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, நோட்டில் ஏறாத அந்த ஆறு கன அடி ஏறத்தாழ 170 கிலோ! வியாபாரியின் கணக்கில் வராத 170 கிலோ தொழிலாளியின் தோளிலே வருகிறது. கூலி பேசுவது எந்தக் கணக்கில்? நோட்டுக் கணக்கில். எலும்பு முறிவது எந்தக் கணக்கில்? வட்டக் கணக்கில்!

முழு எடை 800 கிலோ. எட்டுப் பேர் தூக்கினால் ஆளுக்கு 100 கிலோ. அதுவும் எட்டுப் பேரும் ஒரே உயரம், ஒரே சமதரை என்றால். வரப்பிலே ஒருவர் கால் பள்ளத்தில் இறங்கினால், அவர் பங்கு பக்கத்துத் தோளுக்குத் தாவும். நால்வர் சுமப்பார்கள், நால்வர் கைவைத்திருப்பார்கள். குற்றம் அவர்களுடையதன்று, மேடு பள்ளத்தின் குணம் அது. 1967ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் அமைப்பு சுமையைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தது. உடல்நலத்துக்கும் உயிருக்கும் கேடு வரக்கூடிய எடையை எந்தத் தொழிலாளியையும் சுமக்கச் சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். கூடவே வந்த பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்று அளவும் சொன்னார்கள். இந்திய அரசு அந்த ஒப்பந்தத்தை ஏற்றது 2010இல். நாற்பத்து மூன்று ஆண்டு யோசித்துக் கையெழுத்திட்டார்கள்! அந்தக் கையெழுத்து டெல்லியிலிருந்து தேவதானம் தோப்புக்கு இன்னும் நடந்து வந்து சேரவில்லை.

"எந்திரம் இல்லையே, என்ன செய்வது?" என்று கேட்பார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன். எந்திரமில்லாமலே எலும்பு முறியாமல் ஏற்றலாம். வேண்டியது பன்னிரண்டடி நீளத்தில் ஒரே அளவான இரண்டு சாய்வுக் கட்டைகள், இரண்டு நல்ல வடங்கள், நாலைந்து ஆப்புகள். ஒரு லாரி டயர் விலைகூட ஆகாது.

எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். லாரித் தட்டு தரையிலிருந்து நாலடி. பன்னிரண்டடிக் கட்டையைச் சாய்த்தால், மூன்றடி ஓடினால்தான் ஓரடி ஏறும். ஆகவே 800 கிலோத் தடியை உருட்டி ஏற்ற வேண்டிய விசை மூன்றில் ஒன்று, அதாவது 270 கிலோ. இது சரிவு கொடுக்கும் தள்ளுபடி. அடுத்தது வடம் கொடுக்கும் தள்ளுபடி. வடத்தின் ஒரு முனையை லாரியின் அடிச்சட்டத்தில் இறுகக் கட்ட வேண்டும். உளுத்த பலகையில் கட்டினால் பலகையும் வரும், தடியும் வரும். மறுமுனையைச் சாய்வுக் கட்டையின் வழியே கீழே விட்டு, தடிக்கு அடியில் நுழைத்து, அதைச் சுற்றி மேலே கொண்டுவந்து, லாரியைத் தாண்டி அந்தப் பக்கம் போட வேண்டும். தடியின் இரு பக்கத்துக்கும் இப்படி ஒவ்வொரு வடம். இழுக்கிறவர்கள் லாரிக்கு அந்தப் பக்கம். தடி இந்தப் பக்கம். தடியே கப்பியாகி உருளுகிறது. கப்பியானதும் பாரம் பாதியாகிறது. 270 போய் 135. உராய்வுக்குத் தாராளமாகக் கூட்டிக் கொண்டாலும், ஆறு பேர் இழுத்தால் ஆளுக்கு 30 கிலோவைத் தாண்டாது.

நூறு எங்கே, முப்பது எங்கே! அதைவிடப் பெரிது இன்னொன்று. தடி உருண்டு வரும் பாதையில் ஒரு மனிதனும் இல்லை. வடம் அறுந்தால் தடி தரைக்குப் போகும், தொழிலாளி வீட்டுக்குப் போவான்.

மீதி இரண்டு பேர்? அவர்கள்தான் முக்கியமானவர்கள். தடியின் இரு தலைப்பிலும், பின்னால் அன்று, பக்கவாட்டிலே நின்று, நீண்ட பிடி போட்ட ஆப்பைத் தடி ஏற ஏறப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு வர வேண்டும். சீவில்லிபுத்தூர்த் தேரை ஊரே வடம் பிடித்து இழுக்கிறது. ஆனால் அந்த மலைபோன்ற தேரைத் திருப்புகிறவனும் நிறுத்துகிறவனும் சக்கரத்தடியிலே கட்டை போடுகிறவன்தானே! அரசியலிலே முட்டுக்கட்டை என்றால் வசவு. தடி ஏற்றுகிற இடத்திலே அதுதான் உயிர். தேருக்குப் போடத் தெரிந்த கட்டையைத் தொழிலாளியின் காலுக்காகப் போட ஏன் தெரியவில்லை நமக்கு?

சில நுணுக்கங்களை அந்தத் தோப்புத் தோழர்களே எனக்குச் சொன்னார்கள். தடியின் அடிப்பக்கம் பருத்தது, நுனிப்பக்கம் சிறுத்தது. ஒரே உருட்டில் பருத்த பக்கம் முந்தி ஓடும், தடி கோணும், கோணினால் கட்டையை விட்டு நழுவும். பருத்த பக்கத்து வடத்தைப் பிடிப்பவர் கொஞ்சம் பொறுத்து இழுக்க வேண்டும். வடத்தைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. லாரியின் சக்கரங்களுக்கு முதலிலேயே கல் கொடுக்க வேண்டும். கட்டளைக் குரல் ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஆனால் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை எட்டுப் பேருக்கும் வேண்டும். எவ்வளவு அழகான குடியரசு! இவ்வளவும் தெரிந்த தோழர்கள் ஏன் தோளைக் கொடுத்தார்கள்? வடமில்லை. கட்டை குட்டை. லாரிக்காரர் எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டுமென்றார். கூலி நாளுக்கல்ல, லோடுக்கு. அறிவு இருந்தது, அவகாசம் இல்லை!

இது நடவாத காரியமென்று எண்ணாதீர்கள். கேரளத்து மாப்பிள்ளைக் கலாசிகள் கப்பியும் கயிறும் கைவிசையும் கொண்டே கப்பல்களைக் கரையேற்றுகிறவர்கள். 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடலுண்டி ஆற்றுப் பாலத்தில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில் கவிழ்ந்தபோது, ஆற்றில் கிடந்த பெட்டிகளை எடுக்கவும் அவர்கள் துணை தேவைப்பட்டது. ரயில் பெட்டிக்கு முன்னால் மாமரத் தடி எம்மாத்திரம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனைமலையில் டாப்சிலிப் என்று ஓர் இடம். வெள்ளைக்காரன் காலத்தில் மலையுச்சியிலிருந்து தேக்குத் தடிகளைச் சரிவிலே நழுவவிட்டதால் வந்த பெயர். அங்கே தடி இழுத்தது யானை. வனத்துறையின் முகாம் யானைக்கு இவ்வளவு உணவு என்று அளவு உண்டு. மருத்துவர் உண்டு. வயதானால் வேலையிலிருந்து ஓய்வும் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் சோறு உண்டு. நான் யானையின்மேல் பொறாமைப்படவில்லை. அது உழைத்தது, பெறட்டும். தேவதானம் அண்ணாச்சிக்கு அறுபது வயதிலும் உடைந்த காலோடு தடிக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, யானைக்குக் கொடுத்ததில் பாதியாவது கேட்கலாமா, கூடாதா?

ஏற்றியதோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. தோப்புக்குள்ளிருந்து டிராக்டரால் தடியை இழுக்கும்போது, சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே உயரத்தில் மாட்டுகிறார்கள். தடி வேரிலோ வரப்பிலோ முட்டினால், முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுகிறவன்மேலேயே மல்லாந்துவிடும். "ஐயோ" என்று சொல்ல நேரமிருக்காது. அச்சுக்குக் கீழே, தாழ்வான கொக்கியில் மாட்ட வேண்டும். இழுக்கும் சங்கிலியின் நீளத்துக்குள் எவரும் நிற்கக் கூடாது. லாரியில் தடிகளின்மேல் ஆட்கள் உட்கார்ந்து போகிறார்கள், காற்று வாங்கவா? முன்னால் இடமில்லை என்பதால்! கட்டு தளர்ந்தால் மனிதன் கீழே, தடி மேலே. இறக்குமிடத்தில் கட்டை அவிழ்ப்பவன் தடி சரியும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பலரும் காலை இழப்பது அந்த ஒரு நொடியிலேதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டுமென்று 1923இலேயே சட்டம் வந்தது. "ஆள் என்னுடையவன் அல்ல, ஒப்பந்தக்காரனுடையவன்" என்று முதன்மை முதலாளி கைகழுவ முடியாதென்றும் அதிலேயே எழுதினார்கள். அந்தப் பாதுகாப்பு இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலே சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் உண்டு. அதன்கீழ் நல வாரியம் உண்டு. ஏற்றி இறக்குகிற தொழிலாளி அதிலே பெயர் பதியலாம். அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருவர் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. இதிலே வியாபாரியை மட்டும் வைது பயனில்லை, தோழர்களே. நம் கிளைத் தோழர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கொடி ஏற்றத் தெரிந்த நமக்கு, ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கத் தெரியாதா? அண்ணாச்சியின் கால் நசுங்கிய அன்று உடனே மனுப் போட ஒருவர் இருந்திருந்தால், பதினைந்து ஆண்டு அவர் அந்தக் காலை இழுத்துக்கொண்டு அதே தடிக்குப் பின்னால் வந்து நின்றிருப்பாரா?

அன்றைக்கே வியாபாரியைப் பார்த்துப் பேசினோம். கெட்ட மனிதரல்லர். தேநீர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வடம் வாங்கித் தர ஒப்புக்கொண்டார். ஆப்பு அடித்துத் தரவும் ஒப்புக்கொண்டார். லோடுக் கூலியை நாள்கூலியாக மாற்றுவது பற்றிக் கேட்டதும் தேநீர் ஆறிவிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சாய்வுக் கட்டை விஷயத்திலேதான் பேரம் முறிந்தது. "பன்னிரண்டடி எதற்கு? லாரியிலே வைத்துக் கொண்டுபோக இடைஞ்சல். எட்டடி போதாதா?" என்றார்.

எட்டடிக் கட்டையென்றால், நாலடித் தட்டுக்கு இரண்டடி ஓடினாலே ஓரடி ஏறிவிடும். 270 கிலோ இருந்த இடத்தில் 400 கிலோ. சரிவு செங்குத்தாகும், ஆப்பு நிற்காது. அவரிடம் கணக்கைச் சொன்னேன். தோப்புக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஒரு குச்சியை எடுத்துத் தரையிலே எட்டடியும் பன்னிரண்டடியும் கிழித்துக் காட்டினார். வியாபாரி பார்த்தார். பார்க்கலாம் என்றார்.

அடுத்த லாரி திங்கட்கிழமை காலை வருகிறது. தேவதானம் தோழர்கள் அளவுநாடாவோடு அங்கே இருப்பார்கள். சேத்தூர்த் தோழர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டை எட்டடியாக இருந்தால் தடி அன்று லாரியில் ஏறாது.